நட்ஸ் சாப்பிட்டால் உடம்பு குறையுமா? 'கூட' சாப்பிடுவதற்கும் 'பதிலாக' சாப்பிடுவதற்கும் உள்ள வித்தியாசம்

ஆப்பிரிக்காவில் பஞ்சம் பாதித்த பகுதிகளில், எலும்பும் தோலுமாக வரும் குழந்தைகளுக்கு ஒரு சின்ன பாக்கெட் கொடுப்பார்கள். அதன் பெயர் 'பிளம்பி நட்'. 1996-ல் பிரான்ஸில் உருவாக்கப்பட்டது. 92 கிராம் பாக்கெட் ஒன்றில் 500 கலோரி. உள்ளே இருப்பதில் முக்கியமானது வேர்க்கடலை விழுது. அதோடு பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய், வைட்டமின்கள். இதைத் தொடர்ந்து சாப்பிடும் குழந்தை சில வாரங்களில் எடை கூடித் தேறுகிறது.

அதே வேர்க்கடலையும், அதன் பணக்காரச் சொந்தக்காரர்களான பாதாம், முந்திரி, பிஸ்தா, வால்நட் எல்லாமும் இன்றைக்கு நம் அலுவலக மேஜைகளில் வேறொரு வேலைக்காக உட்கார்ந்திருக்கின்றன. "டயட்ல இருக்கேன், அதனால நட்ஸ் மட்டும்தான்" என்று சொல்லிக்கொண்டே டப்பாவைத் திறக்கிறோம். எடையை ஏற்றவும் அதே பொருள், இறக்கவும் அதே பொருளா?

இரண்டுமே நடக்கும். எது நடக்கும் என்பதை முடிவு செய்வது நட்ஸின் தரமோ விலையோ இல்லை. அதை எந்த வடிவத்தில், எவ்வளவு, எதற்குப் பதிலாகச் சாப்பிடுகிறோம் என்பதுதான். இந்த மூன்று கேள்வியையும் விட்டுவிட்டு "ஹெல்தி ஸ்நாக்ஸ்" என்ற ஒற்றை வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டதில்தான் நம் சிக்கல் ஆரம்பிக்கிறது.

இது ஏதோ ஜிம் போகிறவர்களின் கவலை மட்டுமே என்று ஒதுக்கிவிட முடியாது. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023-ல் வெளியானது. இந்தியாவில் சுமார் 10 கோடி பேருக்கு நீரிழிவு, அதற்கு முந்தைய கட்டத்தில் 13 கோடிக்கும் மேற்பட்டோர் என்றது அந்த ஆய்வு. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து, மாலை 5 மணிக்கு எதையாவது கொறித்து, இரவு 10 மணிக்குச் சாப்பிடும் தலைமுறைக்கு அந்த 5 மணி உணவு சின்ன விஷயம் இல்லை.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம்

நட்ஸ் என்பது கலோரி குறைந்த உணவு என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. நிஜம் நேர் எதிர். 100 கிராம் பாதாமில் சுமார் 580 கலோரி. வேர்க்கடலையில் சுமார் 570. முந்திரியில் 550. வால்நட்டில் 650. இவற்றில் பாதி எடை கொழுப்புதான். வால்நட்டில் அதையும் தாண்டும்.

30 கிராம் வேர்க்கடலைப் பருப்பு என்றால் சுமார் 170 கலோரி. நான்கு கிரீம் பிஸ்கட்டிலும் ஏறக்குறைய இவ்வளவுதான் இருக்கும். கலோரியை மட்டும் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அப்புறம் எதற்கு நட்ஸை மட்டும் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள்?

வயிற்றுக்குள் போன பிறகு நடப்பதுதான் வேறு. அந்த 30 கிராம் வேர்க்கடலையில் ஏழரை கிராமுக்குச் சற்று அதிகமாகப் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையில் இருப்பதே 6 கிராம்தான். கூடவே இரண்டரை கிராம் நார்ச்சத்து. புரதம், நார்ச்சத்து, கொழுப்பு மூன்றும் சேரும்போது வயிறு மெதுவாகக் காலியாகிறது. ரத்தச் சர்க்கரை சட்டென்று எகிறிச் சட்டென்று இறங்குவதில்லை. கிரீம் பிஸ்கட்டில் இருப்பது பெரும்பாலும் மைதாவும் சர்க்கரையும். ஒரு மணி நேரத்தில் மறுபடி பசிக்கும், கை மறுபடி பாக்கெட்டைத் தேடும்.

மெல்லுவதில் ஒரு ரகசியம்

அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஆய்வாளர்கள் 2012-ல் ஒரு சுவாரஸ்யமான முடிவை வெளியிட்டார்கள். முழு பாதாமைச் சாப்பிடக் கொடுத்து, உடம்பில் சேராமல் வெளியேறும் கழிவில் எவ்வளவு சக்தி மிச்சம் இருக்கிறது என்று அளந்தார்கள். 28 கிராம் பாதாமுக்கு வழக்கமான கணக்குப்படி சுமார் 170 கலோரி. உடம்புக்குள் உண்மையில் சேர்ந்தது 129 கலோரி மட்டுமே.

மீதி எங்கே போனது? பாதாமின் கொழுப்பு அதன் செல்களுக்குள், கெட்டியான நார்ச்சுவருக்குள் அடைபட்டிருக்கிறது. எவ்வளவு மென்றாலும் எல்லாச் சுவரும் உடைவதில்லை. உடையாத செல்லில் உள்ள கொழுப்பு செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடுகிறது. வால்நட்டிலும் இதேபோல் ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே உடம்பில் சேர்கிறது என்று பின்னர் தெரிந்தது.

இதே குழு 2016-ல் இன்னொரு படி மேலே போனது. பச்சையாக முழு பாதாம், வறுத்த பாதாம், நறுக்கிய பாதாம், அரைத்த பாதாம் வெண்ணெய் என்று நான்கு வடிவங்களை ஒப்பிட்டது. முழுதாகச் சாப்பிட்டபோது நான்கில் ஒரு பங்கு கலோரி சேரவில்லை. வறுத்ததிலும் நறுக்கியதிலும் இந்தச் சலுகை கொஞ்சம் குறைந்தது. அரைத்த வெண்ணெயில் சலுகையே கிடையாது. போட்ட கலோரி முழுக்க உடம்பில் வரவு.

ஆரம்பத்தில் சொன்ன புதிருக்கான முதல் விடை இங்கே இருக்கிறது. மெலிந்த குழந்தைக்குக் கொடுக்கும் பாக்கெட்டில் வேர்க்கடலையை ஏன் மைய அரைத்துக் கொடுக்கிறார்கள்? ஒரு துளி சக்திகூட வீணாகக் கூடாது என்பதும் அதில் அடக்கம். அப்படியென்றால், எடை குறைக்க நினைக்கும் நாம் பீனட் பட்டரைக் கரண்டி கரண்டியாக எடுத்து ரொட்டியில் தடவுவது எந்தக் கணக்கில் சேரும்? ஒரு மேஜைக்கரண்டி பீனட் பட்டரில் சுமார் 95 கலோரி. அதை அளந்து எடுப்பவர்கள் குறைவு. கரண்டியை வழித்து நக்குபவர்கள்தான் அதிகம்.

ஆய்வுகள் நிஜமாகவே என்ன சொல்கின்றன?

"நட்ஸ் சாப்பிட்டால் எடை குறையும் என்று ஆய்வில் நிரூபணம்" என்று தலைப்பு வரும்போதெல்லாம் ஒரு நிமிடம் நின்று படிக்க வேண்டும். நட்ஸ் பற்றிய ஆய்வுகளில் கணிசமானவற்றுக்கு அந்தந்த விளைபொருள் வாரியங்களின் பணம் போயிருக்கிறது. மேலே சொன்ன 2012 பாதாம் ஆய்விலும் கலிபோர்னியா பாதாம் வாரியத்தின் நிதி உண்டு. அதனாலேயே முடிவு பொய் என்று ஆகிவிடாது. ஆனால் யார் கேட்ட கேள்விக்கு யார் பதில் சொல்கிறார்கள் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்பெயினில் 7,400-க்கும் மேற்பட்டோரை வைத்து நடந்த 'பிரெடிமெட்' ஆய்வு இந்த விஷயத்தில் பெரியது. ஒரு பிரிவினருக்கு தினம் 30 கிராம் நட்ஸ், இன்னொரு பிரிவினருக்கு ஆலிவ் எண்ணெய், மூன்றாவது பிரிவினருக்குக் கொழுப்பைக் குறைக்கச் சொல்லி அறிவுரை. 2013-ல் வெளியான கட்டுரையில், பங்கேற்றவர்களைப் பிரித்த முறையில் குறை இருந்ததால் அது திரும்பப் பெறப்பட்டு, 2018-ல் மறுபடி அலசி வெளியிடப்பட்டது. இதய நோய், பக்கவாத ஆபத்து குறைகிறது என்ற முக்கிய முடிவு மாறவில்லை.

எடை விஷயத்தில் என்ன ஆனது? கலோரியைக் குறைக்கச் சொல்லாமலேயே, வருடக்கணக்கில் தினம் நட்ஸ் சாப்பிட்டவர்களுக்கு மற்றவர்களைவிட எடை கூடவில்லை. அதே சமயம் சொல்லிக்கொள்ளும்படி குறையவும் இல்லை.

நம்ம ஊர் உதாரணமும் இருக்கிறது. மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, நீரிழிவு உள்ள 300 பேரை வைத்து முந்திரி ஆய்வு ஒன்றை நடத்தி 2018-ல் வெளியிட்டது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான நீரிழிவு உணவுமுறை மட்டும். இன்னொரு பகுதியினருக்கு அதோடு தினம் 30 கிராம் வறுக்காத முந்திரி. 12 வாரம் கழித்துப் பார்த்தால், முந்திரி சாப்பிட்டவர்களுக்கு நல்ல கொலஸ்ட்ரால் கூடியிருந்தது, மேல் ரத்த அழுத்தம் குறைந்திருந்தது. எடை? ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

முந்திரி என்றாலே பதறும் நமக்கு இது நல்ல சேதி. ஆனால் "நட்ஸ் சாப்பிடு, தொப்பை கரையும்" என்று விளம்பரம் செய்பவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை. நட்ஸ் இதயத்துக்கு நல்லது. அளவோடு இருந்தால் எடையை ஏற்றாது. நேர்மையாகச் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். கொழுப்பைக் கரைக்கும் கொட்டை என்று உலகத்தில் ஒன்று கிடையாது.

'கூட' என்ற ஒரு சொல்

அப்படியானால் எடை குறைக்க நினைப்பவருக்கு நட்ஸால் பயனே இல்லையா? இருக்கிறது. அது எந்த இடத்தில் வந்து உட்காருகிறது என்பதைப் பொறுத்து.

ஒருவர் காலையில் இட்லி, மதியம் சாப்பாடு, மாலையில் டீயும் பஜ்ஜியும், இரவு பரோட்டா. இதில் எதையும் மாற்றாமல், "உடம்புக்கு நல்லதாம்" என்று காலையில் 10 பாதாம், மதியம் 4 முந்திரி, இரவு 2 வால்நட் சேர்த்துக்கொள்கிறார். இது 'கூட'. தினம் ஒரு கைப்பிடி இப்படிக் கூடினால்கூட மாதத்துக்கு 5,000 கலோரி. பாதாமின் செல்சுவர் சலுகையைக் கழித்தாலும் வரவுதான் மிச்சம்.

இன்னொருவர் அந்த பஜ்ஜியை நிறுத்திவிட்டு, அதே 5 மணிக்கு ஒரு கைப்பிடி வேர்க்கடலையும் சர்க்கரை இல்லாத டீயும் எடுத்துக்கொள்கிறார். இது 'பதிலாக'. பஜ்ஜியின் எண்ணெய் போச்சு. டீயில் போடும் இரண்டு கரண்டி சர்க்கரையின் 40 கலோரி போச்சு. எல்லாவற்றையும்விட முக்கியம், இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அகோரப் பசி இல்லை. மூன்று பரோட்டா இரண்டாகக் குறைவது அங்கேதான்.

எடை குறைவது இந்த இரண்டாவது ஆளுக்குத்தான். குறைத்தது வேர்க்கடலையா? இல்லை, அது வெளியேற்றிய பஜ்ஜியும் அது தணித்த பசியும்.

ஊட்டச்சத்து பற்றிப் பேசுகிறவர்கள் "இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். எதை எடுத்துவிட்டுச் சேர்ப்பது என்று சொல்வதில்லை. சேர்க்கச் சொன்னால் கடையில் ஒரு பொருள் விற்கும், நிறுத்தச் சொன்னால் விற்பதற்கு ஒன்றும் இல்லை. இந்த எளிய வியாபாரக் கணக்கு நம் வயிற்றில் வந்து முடிகிறது.

பாதாம்தான் வேண்டுமா?

இந்த இடத்தில் வேர்க்கடலைக்காகக் கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது. "நட்ஸ்" என்று சொன்னவுடனே நம் மனதில் வருவது பாதாம்தான். உலகத்தின் பாதாமில் சுமார் 80 சதவீதம் கலிபோர்னியாவில் விளைகிறது. அங்கிருந்து அதிகம் வாங்கும் நாடு இந்தியா. விளம்பரம், பரிசுப் பெட்டி, மருத்துவமனைக்குப் பார்க்கப் போகும்போது வாங்கிப்போகும் பாக்கெட் என்று அது ஒரு அந்தஸ்து ஆகிவிட்டது.

வேர்க்கடலைக்கோ ஊருக்கு ஒரு பெயர். விழுப்புரம், திருவண்ணாமலை பக்கம் மல்லாட்டை. கொங்குப் பக்கம் கடலைக்காய். இலங்கைத் தமிழருக்கு அது கச்சான். திண்டிவனத்தில் இதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. விவசாயிகள் சொல்லும் 'டி.எம்.வி.' ரகங்கள் அந்த ஊரின் பெயரில் வந்தவை. நம் மானாவாரி நிலத்தில், மழையை நம்பி விளைவது.

சத்தில் ஒப்பிட்டால்? புரதத்தில் வேர்க்கடலை முன்னால்: 100 கிராமுக்கு 25 கிராமுக்கு மேல், பாதாமில் 21. நியாசின், ஃபோலேட் என்ற பி வைட்டமின்களிலும் வேர்க்கடலைதான் அதிகம். நார்ச்சத்து, வைட்டமின் ஈ, கால்சியம் ஆகியவற்றில் பாதாம் முன்னால். வால்நட்டில் ஒமேகா-3 கொழுப்பு உண்டு, மற்றவற்றில் அது இல்லாத அளவுக்குக் குறைவு. ஆளுக்கு ஒரு பலம். ஆனால் விலை? உங்கள் தெருமுனை மளிகைக் கடையில் கேட்டுப்பாருங்கள், ஒரு கிலோ பாதாம் வாங்கும் காசுக்கு நான்கைந்து கிலோ வேர்க்கடலை வரும். சத்தில் நான்கைந்து மடங்கு வித்தியாசம் நிச்சயமாக இல்லை.

"வேர்க்கடலை நட்ஸே இல்லையே, அது பருப்பு வகைதானே?" என்று சிலர் கேட்பார்கள். தாவரவியல்படி சரி. அது அவரை, துவரையின் குடும்பம். ஆனால் உடம்பு தாவரவியல் படித்துவிட்டுச் செரிப்பதில்லை. 2015-ல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்காவின் தென்பகுதியில் வருமானம் குறைந்தவர்களையும் ஷாங்காய் நகரவாசிகளையும் சேர்த்து சுமார் 2 லட்சம் பேரைப் பல ஆண்டுகள் கவனித்தது. அவர்கள் சாப்பிட்ட நட்ஸில் பெரும்பங்கு விலை மலிந்த வேர்க்கடலை. அதை அதிகம் சாப்பிட்டவர்களிடையே இறப்பு விகிதம், குறிப்பாக இதய நோய் மரணம், குறைவாக இருந்தது. இப்படிக் கவனித்துப் பார்க்கும் ஆய்வு, வேர்க்கடலைதான் காரணம் என்று அடித்துச் சொல்லாது. ஆனால் விலை உயர்ந்த கொட்டைகளுக்கு மட்டுமே இந்தப் பலன் என்ற நினைப்பை அது உடைக்கிறது.

இதை ஏன் அழுத்திச் சொல்ல வேண்டும் என்றால், பாதாமை மட்டுமே ஆரோக்கியத்தின் அடையாளமாக ஆக்கும்போது, மாதம் 15 ஆயிரம் சம்பளத்தில் விடுதியில் தங்கி வேலைக்குப் போகிற பெண்ணுக்கும், நாள் முழுக்க வண்டியில் சுற்றும் டெலிவரி இளைஞருக்கும் "இது நமக்கில்லை" என்று தோன்றிவிடுகிறது. அப்புறம் மாலைப் பசிக்கு அவர்கள் கையில் வருவது பத்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட். அதே காசுக்குப் பக்கத்துத் தள்ளுவண்டியில் கிடைக்கும் கடலைப் பொட்டலம் கண்ணிலேயே படுவதில்லை.

'கொழுப்பு' என்ற குழப்பம்

வேர்க்கடலை மேல் இன்னொரு பழி உண்டு. "கொழுப்புப்பா அது, ஹார்ட்டுக்கு ஆகாது" என்பார்கள் பெரியவர்கள். தமிழில் இது ஒரு மொழிச் சிக்கலும்கூட. உணவில் உள்ள கொழுப்பையும் 'கொழுப்பு' என்கிறோம். ரத்தப் பரிசோதனையில் வரும் கொலஸ்ட்ராலையும் 'கொழுப்பு' என்கிறோம். வாய்த்துடுக்கையும் அப்படியேதான் சொல்கிறோம்.

கொலஸ்ட்ரால் இருப்பது விலங்கு உணவுகளில். வேர்க்கடலை, முந்திரி, பாதாம் போன்ற தாவர உணவுகளில் பெயர் சொல்லும் அளவுக்குக் கொலஸ்ட்ரால் இல்லை. அவற்றில் இருப்பது பெரும்பாலும் நிறைவுறாக் கொழுப்பு. இது கெட்ட கொலஸ்ட்ராலைக் குறைக்க உதவும் வகை. கலோரி அதிகம் என்ற காரணத்துக்காக அளவைக் குறைத்துக்கொள்ளலாம். கொலஸ்ட்ரால் என்று பயந்து ஒதுக்க வேண்டியதில்லை.

பாதாமை ராத்திரி ஊறவைத்துத் தோலை உரித்தால்தான் பலன் என்பதும் இப்படி வேரூன்றிய ஒரு பழக்கம். ஊறினால் மெல்ல எளிதாக இருக்கும், அவ்வளவுதான். தோலில் நார்ச்சத்து இருக்கிறது. அதை உரித்துக் குப்பையில் போடக் கட்டாயம் எதுவும் இல்லை.

ஓடு இருந்தால் கை அடங்கும்

நட்ஸில் நிஜமான எதிரி கொழுப்பு இல்லை, வேகம். உரித்து, வறுத்து, உப்புப் போட்ட பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு கிரிக்கெட் பார்த்தால் இரண்டு ஓவருக்குள் 100 கிராம் காலி. 570 கலோரி உள்ளே. ஒருவேளைச் சாப்பாட்டுக்குச் சமம், ஆனால் சாப்பிட்ட நினைவே இருக்காது.

அமெரிக்காவின் கிழக்கு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றி ஓர் எளிய சோதனை செய்தார்கள். மாணவர்களில் சிலருக்கு ஓட்டோடு பிஸ்தா, சிலருக்கு உரித்த பிஸ்தா. ஓட்டோடு எடுத்தவர்கள் சராசரியாக 125 கலோரி சாப்பிட்டார்கள். உரித்ததை எடுத்தவர்கள் 211 கலோரி. ஆனால் இரு தரப்புக்கும் கிடைத்த திருப்தி ஏறக்குறைய ஒன்றுதான். ஓட்டை உடைக்க ஆகும் நேரமும், எதிரே குவியும் தொலியும் "போதும்" என்று மூளைக்குச் சொல்லிவிடுகின்றன.

நம்ம ஊரில் இதற்குப் பிஸ்தா தேவையில்லை. அவித்த கடலை இருக்கிறதே! ஓட்டோடு, கொஞ்சம் உப்புப் போட்டு அவித்தது. ஒவ்வொன்றாக உடைத்து, உள்ளே இருக்கும் தண்ணீரை உறிஞ்சிச் சாப்பிட வேண்டும். 100 கிராம் அவித்த பருப்பில் 320 கலோரிக்கும் குறைவு. வறுத்ததில் இருப்பதைவிடக் கிட்டத்தட்ட பாதி. காரணம் மாயம் ஒன்றும் இல்லை, தண்ணீர் ஏறி எடை கூடியிருக்கிறது. அதே கலோரிக்கு வயிறு கூடுதலாக நிறையும். மணலில் வறுத்த ஓட்டுக் கடலையும் இந்த வரிசையில் நல்லதே, எண்ணெய் சேர்வதில்லை.

இதற்கு மறுகோடியில் இருப்பவை: கடலைமாவு தோய்த்து எண்ணெயில் பொரித்த மசாலா கடலை, தேன் தடவிய பாதாம், சாக்லேட் பூசிய முந்திரி. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமைதான். ஆனால் அதில் வெல்லப்பாகு இருக்கிறது. அதை இனிப்புக் கணக்கில் வையுங்கள், நட்ஸ் கணக்கில் வைக்காதீர்கள். 'எனர்ஜி பார்', 'புரோட்டீன் லட்டு' என்று வருபவற்றுக்கும் இதே விதி. பாக்கெட்டின் பின்பக்கம் திருப்பி, சர்க்கரை எத்தனை கிராம் என்று பாருங்கள். முன்பக்கம் எழுதியிருப்பது விளம்பரம், பின்பக்கம் இருப்பதுதான் உணவு.

சரி, எப்படித்தான் சாப்பிடுறது?

அளவு: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி, 2,000 கலோரி உணவுத் தட்டில் கொட்டைகளும் விதைகளும் சேர்த்து 35 கிராம் வைத்திருக்கிறது. எள், ஆளிவிதை, சட்னியில் போகும் கடலை எல்லாமும் இதில் அடக்கம். எடை குறைக்க முயல்பவர் 25 முதல் 30 கிராமோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பாதாம் என்றால் 20 முதல் 25, முந்திரி என்றால் 16 முதல் 18. ஓட்டோடு உலர்ந்த வேர்க்கடலை என்றால் 40 கிராம் எடுத்தால் பருப்பு 28 கிராம் அளவுக்குத் தேறும். எல்லாவற்றிலும் ஒவ்வொரு கைப்பிடி இல்லை, எல்லாம் சேர்த்தே ஒரு கைப்பிடி.

அளக்கும் முறை: கண்ணால் அளக்காதீர்கள், கண் எப்போதும் கொஞ்சம் தாராளம். ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை சமையலறைத் தராசில் அளந்து, ஐந்து சின்ன டப்பாக்களில் போட்டு வையுங்கள். தினம் ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள். பெரிய டப்பா வீட்டிலேயே இருக்கட்டும். மேஜை மேல் திறந்திருக்கும் டப்பாவை மனஉறுதியால் ஜெயிப்பது கஷ்டம். பக்கத்தில் இல்லாத டப்பாவை ஜெயிக்க மனஉறுதியே தேவையில்லை.

நேரம்: பசி வரும் நேரத்துக்கு முன்னால். பலருக்கு அது மாலை 4 முதல் 5 மணி. இரவுச் சாப்பாடு முடிந்து ஓ.டி.டி. முன்னால் உட்காரும்போது கொறிப்பது பசிக்கு இல்லை, கைக்கு. அந்த நேரத்தில் பாதாமும் பக்கோடாதான்.

பதிலி: "இதைச் சாப்பிடுறேன், அப்போ எதை விடுறேன்?" என்ற கேள்வியைத் தினமும் கேளுங்கள். பதில் இல்லையென்றால் அன்றைக்கு நட்ஸும் வேண்டாம்.

பிடிக்கவில்லையா? கட்டாயம் இல்லை. ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலோ பச்சைப்பயறுச் சுண்டலோ இதே வேலையைக் குறைந்த கலோரியில் செய்யும். பொட்டுக்கடலையில் கொழுப்பு மிகக் குறைவு, புரதம் நன்றாகவே இருக்கிறது. நட்ஸ் ஒரு நல்ல வழி. ஒரே வழி என்று யாராவது சொன்னால் அவர் எதையோ விற்கிறார் என்று அர்த்தம்.

சிலருக்குக் கவனம் வேண்டும்

வேர்க்கடலை, மற்ற கொட்டைகளால் ஒவ்வாமை வருபவர்களுக்கு இந்தக் கட்டுரையின் எந்த வரியும் பொருந்தாது. அவர்களுக்கு ஒரு பருப்புகூட உயிருக்கு ஆபத்தாகலாம். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் பொட்டாசியம், பாஸ்பரஸ் அளவு காரணமாக மருத்துவரைக் கேட்டுவிட்டே தொட வேண்டும். சின்னக் குழந்தைகளுக்கு முழுக் கொட்டை கொடுத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்த வேர்க்கடலையில் அஃப்ளடாக்சின் என்ற நச்சு இருக்கலாம்; கல்லீரலைப் பாதிப்பது அது. வறுத்தாலும் முழுதாகப் போகாது. சுருங்கியது, நிறம் மாறியது, வாயில் கசப்பது எல்லாவற்றையும் யோசிக்காமல் துப்பிவிடுங்கள். கடலைப் பொட்டலம் மடிக்கும் அச்சிட்ட காகிதமும் வேண்டாம். அச்சு மையில் உள்ள ரசாயனங்கள் உணவில் ஒட்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே எச்சரித்திருக்கிறது. நாளிதழில் எழுதிக்கொண்டே இதைச் சொல்வதில் தயக்கம் இல்லை: பேப்பர் படிக்க மட்டும்.

அலுவலகங்களுக்கு ஒரு வார்த்தை

எல்லாப் பொறுப்பையும் தனிமனிதரின் தலையில் கட்டுவதும் நியாயம் இல்லை. எத்தனையோ அலுவலகங்களில் 'வெல்னஸ் வாரம்' நடக்கிறது. யோகா வகுப்பு, நடைப் போட்டி, சுவரில் பாதாம் படம் போட்ட போஸ்டர். அதே அலுவலகத்தின் பேன்ட்ரியில் மாலை 5 மணிக்குக் கிடைப்பது சர்க்கரை கலந்தே வரும் இயந்திர டீ, கிரீம் பிஸ்கட், சமோசா. வேறு எதுவும் கண்ணில் படாத இடத்தில் "நல்லதைத் தேர்ந்தெடுங்கள்" என்று அறிவுரை சொல்வது வீண்.

வாரத்தில் மூன்று நாள் அவித்த கடலை, இரண்டு நாள் சுண்டல், சர்க்கரை தனியாக வைக்கும் டீ. இதற்குப் பெரிய பட்ஜெட் வேண்டாம். தீபாவளிக்குக் கொடுக்கும் பளபளப்பான உலர்பழப் பெட்டிகளுக்கு ஆகும் செலவில், மாதக்கணக்கில் எல்லோருக்கும் அவித்த கடலை வாங்கலாம். காவலாளிக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் சேர்த்துத்தான். மேலாளருக்குப் பாதாம், மற்றவர்களுக்கு பிஸ்கட் என்று ஆரோக்கியம் பதவி பார்த்து வர வேண்டாம்.

உங்கள் அலுவலகத்தில் அந்த முடிவை எடுக்கும் ஆள் யார் என்று தெரிந்தால், நாளைக்கே கேட்டுப்பாருங்கள். பதில் வரும்வரைக்கும், 5 மணிக்கு அந்த பிஸ்கட் தட்டு சுற்றி வரும்போது உங்கள் பையில் 30 கிராம் கடலை தயாராக இருக்கட்டும். தட்டை அடுத்தவருக்கு நகர்த்திவிட்டு, உங்கள் டப்பாவைத் திறங்கள். பக்கத்து இருக்கைக்காரர் கை நீட்டினால் கொடுங்கள். அளவும் தானாகக் குறையும்.